முன்பாக்கி

உன் போன் என் சட்டைப் பையில் அடிக்கிறது, அபயாம்பாள்.
கருமாதி முடிந்து நாலு நாள்.
"அக்கா, முந்நூறு சாக்கு வேணும்,
பூவனூர்க் களத்துல நெல்லு கெடக்கு"
என்கிறது ஒரு குரல்.
அக்கா இல்லை என்று சொல்ல
இன்னும் வாய் பழகவில்லை.
அக்கா குளிக்கிறாங்க என்றுவிட்டேன்.

மூணாறு தலைப்பில் லஸ்கராக இருந்தவன் நான்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று
முப்பத்தோரு வருஷம்
ஒரே தண்ணீரை மூன்றாகப் பிரித்து விட்டவன்.
மேலேயிருந்து உத்தரவு வரும்,
சக்கரத்தைச் சுற்றுவேன்.
உனக்கு உத்தரவு போட ஆள் இல்லை.
வாடகைக்கு ஒரு டப்பா, சரக்குக்கு ஒரு டப்பா,
பிள்ளைகள் பீஸுக்கு ஒன்று.
எதுவும் வறண்டு நான் பார்த்ததில்லை.
வறண்டிருக்கிறது; நான்தான் பார்க்கவில்லை.
உன் காதில் வேப்பங்குச்சி கிடந்த மாசங்களை
இப்போதுதான் எண்ணுகிறேன்.

பழஞ்சாக்கு வாங்கி, உதறி,
ஓட்டை தைத்து விற்கிற தொழில்.
பொம்பளைக்கு இது என்ன ஏவாரம் என்று கேட்ட
என் அண்ணனுக்கு
அடுத்த அறுவடையில் பதில் சொன்னாய்:
ஊருக்கு எட்டு ரூபாய், அவருக்கு எட்டேகால்.

சாக்குக் கட்டின் மேல் தூங்கி எழுந்த
சுடர்விழியின் கன்னத்தில் சணல் வரி பதிந்திருக்கும்.
பள்ளிக்கூடத்தில் ஒருத்தி
சாக்கு நாத்தம் என்று தள்ளி உட்கார்ந்தாளாம்.
நீ போய்ச் சண்டை போடவில்லை.
அந்தப் பெண்ணின் அப்பா வைத்திருந்த பாக்கியை
அன்று சாயங்காலமே வசூலித்து வந்தாய்.

அந்த ஐப்பசி ராத்திரி
பாமணியாற்றுக் கரை உடைப்பெடுத்தது.
நனைந்த காக்கியோடு இரண்டு மணிக்கு
மண்டிக் கதவைத் தட்டினேன்.
"எத்தனை?" என்றாய்.
எதற்கு என்று கேட்கவில்லை.
அறுநூற்று நாற்பது.
லாந்தர் வெளிச்சத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டு
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
மணல் அள்ள நீயும் வந்தாய்.
விடியும்போது கரை நின்றது.

பத்தாம் நாள்
பொதுப்பணித் துறைக்கு உன் பில் போனது.
என் வேலைக்கு உலை வைக்காதே என்று கெஞ்சினேன்.
"மணல் சொமந்தது ஊருக்கு, அதுக்குப் பில்லு போடல.
சாக்கு நான் கடனுக்கு எடுத்த சரக்கு" என்றாய்.
இரண்டு வருஷம், பதினான்கு தடவை,
ஆபீஸ் பெஞ்சில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாய்.
எஞ்சினியர் மாறினார். நீ மாறவில்லை.
வந்த செக்கை எனக்குக் காட்டவேயில்லை.
பரிதியைக் காலேஜில் சேர்த்த ரசீதைத்தான் காட்டினாய்.

தஞ்சாவூர் டாக்டர்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
உன் நெஞ்சுக்குள் யாரோ
சணலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.
"என்னம்மா வேலை பாத்தீங்க?"
"ஏவாரம்" என்றாய் இருமலுக்கு நடுவே,
கலெக்டர் என்று சொல்வதுபோல.

இன்று
சாக்கு என்ன விலை என்று தேடித்தான்
உன் கணக்கு நோட்டைப் பிரித்தேன்.
முதல் பக்கம், முதல் வரி:
வீட்டுக்காரர் சைக்கிள் விற்றுக் கொடுத்தது, ரூ. 410.
பரண்மேலிருந்த பழைய நோட்டுகளை இறக்கினேன்.
முப்பத்து மூன்று.
எல்லாவற்றிலும் முதல் வரி அதுதான்.
முன்பாக்கி 410.
முன்பாக்கி 410.
யார் கடனையும் ஆறு மாசம் தாண்ட விடாதவள் நீ.
நான் அந்தச் சைக்கிளை மறந்தே போயிருந்தேன்.
அதன் மணியில் 'டிங்' மட்டும்தான் வரும், இல்லையா,
இரண்டாவது சத்தம் வராது.

போன் மறுபடி அடிக்கிறது.
"அக்கா குளிச்சிட்டாங்களா?"
தம்பி, என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
அறுவடை மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு, "சாக்கு என்ன வெலைங்க?"
இருபத்தெட்டு.
"அக்கான்னா ஒரு ரூவா கொறைப்பாங்க."
"கொறைக்க மாட்டா" என்றேன். "எனக்குத் தெரியும்."

புது நோட்டில் முதல் வரியை எழுதிவிட்டு
சாவியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.
மண்டி ஷட்டரைக் குனிந்து கையால்தான் தூக்க வேண்டும்.
இதற்குச் சக்கரம் கிடையாது.